பெட்டியில் வரும் பாடமா, நாமே கோக்கும் பாடமா? பினாங்கில் கத்தோலிக்க வீட்டுக்கல்வி

வீட்டுக்கல்வியில் இறங்க நினைக்கும் தமிழ்க் கத்தோலிக்கப் பெற்றோர், பூசை முடிந்து கோவில் வளாகத்தில் நம்மைப் பிடித்து நிறுத்திக் கேட்கும் முதல் கேள்வி, "எந்த சிலபஸ் எடுத்தீங்க?" என்பதுதான். நியாயமான கேள்வி. பினாங்கில் இருந்துகொண்டு அதற்கு மூன்று பதில் சொல்லலாம். அமெரிக்காவிலிருந்து ஒரே பெட்டியாக முழுசாக வாங்கும் கத்தோலிக்கப் பாடத்திட்டம் ஒன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் தேர்வு அல்லது மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். பாடநூல்களை அடித்தளமாக வைத்து, ஞானோபதேசம் என்ற மறைக்கல்வியையும் தமிழையும் நாமே சேர்த்துக் கோப்பது இன்னொன்று. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியிலேயே விட்டுவிட்டு, விசுவாசக் கல்வியை மட்டும் வீட்டில் ஒழுங்காக நடத்துவது மூன்றாவது. இந்த மூன்றாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நான் எடுக்கிறேன், காரணம் பின்னால் வரும்.

மூன்றையும் நான் அளப்பது ஒரே கேள்வியால்தான்: வீட்டின் செபத்துக்கும் தமிழுக்கும் அந்தப் பாடம் எவ்வளவு இடம் விடுகிறது? கணக்கும் அறிவியலும் மூன்று வழியிலும் நன்றாகவே வந்துவிடும். இடம் விடுவதில்தான் வித்தியாசம்.

முதலில் சட்டம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் செய்த திருத்தத்தால், 2003 முதல் தொடக்கக் கல்வி நம் மலேசியாவில் கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். வீட்டிலேயே படிக்கவைக்க வேண்டுமானால் கல்வி அமைச்சின் விலக்கு தேவை. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை 2025இல் மக்களவை நிறைவேற்றியது. அதனால், "எல்லாரும் செய்றாங்க, ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சை நம்பி யாரும் இறங்க வேண்டாம். விண்ணப்பம் முதலில், புத்தகம் பிறகு.

சரி, அமெரிக்கப் பெட்டி. வர்ஜினியாவில் இருக்கும் சீட்டன், கலிஃபோர்னியாவில் தொடங்கிய மதர் ஆஃப் டிவைன் கிரேஸ், கோல்பி அகாடமி ஆகிய மூன்று பெயர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம் அடிபடும். மூன்றும் ஒரே மாதிரி இல்லை. சீட்டன் பயிற்சிநூல்களை நம்பி நடப்பது. இன்று எந்தப் பக்கம், நாளை எந்தப் பக்கம் என்று நாள்வாரியாக எழுதியே தந்துவிடுவார்கள், தேர்வுத்தாளை அனுப்பினால் திருத்தியும் தருவார்கள். மதர் ஆஃப் டிவைன் கிரேஸ் பழைய செவ்வியல் முறை. மனப்பாடம், வாய்விட்டு வாசித்தல், இலத்தீன், நல்ல இலக்கியம் என்று போகும். கோல்பியும் அந்தச் செவ்வியல் மரபுதான்.

இவற்றின் பலம் சாதாரணமானது இல்லை. வாசிப்புப் பாடத்தில் புனிதர் வருவார், எழுத்துப் பயிற்சியில் செபம் வரும். ஞானோபதேசம் ஏதோ ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும் பாடமாக இருக்காது. கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கு, அடுத்த நாள் என்ன செய்வது என்று இரவில் யோசிக்க வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி. இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. 1885இல் அமெரிக்க ஆயர்கள் வெளியிட்ட பால்டிமோர் மறைக்கல்வி நூலை இந்த மரபு இன்னும் கையில் வைத்திருக்கிறது. கேள்வி, பதில், மனப்பாடம். நம் பாட்டிமார் சின்னக் குறிப்பிடம் என்ற தமிழ் மறைக்கல்வி நூலை இப்படித்தான் படித்தார்கள். எண்பது வயதில் கேட்டாலும் பதில் வரும். பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைப்பது தப்பு என்று இப்போது பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளை வளர்ந்து ஒரு சோதனையைச் சந்திக்கும் நேரத்தில், நாக்கில் தங்கிய பதில்தான் முதலில் கைகொடுக்கும்.

ஆனால் பெட்டியைத் திறந்து இரண்டாம் வகுப்புக் கணக்குப் பக்கத்தைப் பாருங்கள். குவார்ட்டர், டைம், நிக்கல் என்று நாணயம் எண்ணவேண்டும். பால் கேலனில், மாவு பவுண்டில். நம் பிள்ளை அதை முடித்துவிட்டு ஏர் ஈத்தாம் சந்தைக்கு வந்தால் கிலோ, வெள்ளி, சென். அறிவியலில் இலை நிறம் மாறி உதிர்கிறது. நம் ஜன்னலுக்கு வெளியே மாமரம் எப்போதும்போலப் பச்சையாக நிற்கிறது. இதெல்லாம் சின்ன விஷயம், சொல்லிப் புரியவைத்துவிடலாம். டாலரில் வரும் கட்டணம் வெள்ளியில் ஏறக்குறைய நாலு மடங்காவதும், புத்தகம் வந்துசேரும் அஞ்சல் செலவும்கூடச் சமாளிக்கக்கூடியவையே.

சமாளிக்க முடியாதது நேரம். முழுப் பெட்டியையும் ஒழுங்காகச் செய்தால் காலை எட்டரைக்குத் தொடங்கி மத்தியானம் மூன்று வரை ஓடும். அதன் மேல் மலாய் சேரவேண்டும். தமிழ் அதற்கும் கடைசி. பிள்ளை களைத்துப்போன நேரத்தில் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால், தமிழ் என்றாலே அலுப்பு என்று மனத்தில் பதிந்துவிடும். ஏற்கெனவே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பழகி, கடைத்தெருவில் ஹொக்கியன் சீனமும் காதில் வாங்கும் பிள்ளைக்கு, இலத்தீனையும் வைத்து, அதற்காகத் தமிழைக் குறைப்பது எனக்கு ஏற்கவே முடியாத பேரம். பாட்டியோடு உட்கார்ந்து மாதா பிரார்த்தனையைத் தமிழில் சொல்ல முடியாத பேரனுக்கு, இலத்தீனில் சால்வே ரெஜினா என்ற மாதா பாடல் தெரிந்து என்ன?

அடுத்தது, நாமே கோக்கும் பாடம். என் மனம் இதன் பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை.

இதில் ஆண்டின் ஒழுங்கைத் திருவழிபாட்டு நாட்காட்டியே தந்துவிடும். திருவருகைக் காலத்தில் தொடங்கலாம். டிசம்பர் 3 புனித சவேரியார், பினாங்கு ரோட்டில் இருக்கும் நம் கோவிலின் பாதுகாவலர். அந்த வாரம் வரலாறு முழுவதும் அவர்தான். 1545இல் மலாக்கா வந்தது, 1552இல் சீனக் கரைத் தீவொன்றில் இறந்தது, அடுத்த ஆண்டு அவர் உடலை மலாக்காக் குன்றின் கோவிலில் சில மாதம் வைத்திருந்து பிறகு கோவாவுக்குக் கொண்டுபோனது. ஜனவரி 14 தேவசகாயம். நட்டாலத்துக்காரர், 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக்கொல்லப்பட்டவர், 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். குடும்பஸ்தரான ஒரு தமிழ்ப் பொதுநிலையினர் நம் பிள்ளைகளுக்குப் புனிதராகக் கிடைத்திருக்கிறார்! பிப்ரவரி 4 அருளானந்தர், ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்டவர். இவர்களைச் சொல்லிக்கொடுக்க எந்தப் பெட்டியையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்தில் ஏ, ஓ நெடில்களுக்கு இன்று நாம் போடும் வடிவத்தை நிலைநிறுத்தியவர் என்று வீரமாமுனிவரைத் தமிழ்ப் பாடத்திலேயே அறிமுகப்படுத்தலாம்.

உள்ளூரிலும் குறைவில்லை. 1665இல் சியாமின் அயுத்தியாவில் தொடங்கிய குருமடம் 1808இல் பினாங்கு வந்தது. அதுதான் காலேஜ் ஜெனரல். அங்கே கற்பித்த பிரெஞ்சுக் குரு ஷஸ்தான் 1839இல் கொரியாவில் மறைசாட்சியானார். அங்கே படித்த வியட்நாம் இளைஞர் பிலிப் மின் 1853இல் தம் நாட்டில் மறைசாட்சியானார். இருவரும் இன்று புனிதர்கள். அந்தக் குருமடம் முன்பு இருந்த புலாவ் திக்குஸ் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். ஆசிய வரைபடத்தை மேசையில் விரித்து பினாங்கிலிருந்து கொரியாவுக்கு ஒரு கோடு, வியட்நாமுக்கு ஒரு கோடு போடச் சொன்னால், புவியியலும் அப்படியே முடிந்துவிடும்.

அப்புறம் ஜூலை. அமெரிக்கக் கணக்கில் அது விடுமுறை, புத்தகத்தில் ஒன்றும் இருக்காது. நமக்கோ ஜூலை 26 புனித அன்னம்மாள் திருவிழா. புக்கிட் மெர்தாஜாமில் அந்த நாட்களில் எத்தனை மொழியில் பூசை, எத்தனை ஊர்க்காரர்கள், மெழுகுவர்த்திப் பவனி! நவநாள் செபத்தைப் பிள்ளைகளே வாசிக்க, அன்னம்மாள், சுவக்கீன், மாதா, இயேசு என்று குடும்ப மரம் வரைய, அந்த வாரத்துக்கு வேறு பாடம் தேவைப்படாது.

ஞாயிறு நற்செய்தியைச் சனிக்கிழமை இரவே வாசித்துவிடுவதும் இந்த வழியில் இயல்பாக அமையும். அப்பா ஒருமுறை நிதானமாக வாசிப்பார். புத்தகத்தை மூடியபின் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும், தமிழில். இளையவன் நல்ல சமாரியர் உவமையைச் சொல்லும்போது, அடிபட்டவனைக் கழுதைமேல் ஏற்றும் இடத்தில் கையை நீட்டி, கால் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்றெல்லாம் காட்டுவான். "சத்திரக்காரருக்கு எவ்வளவு கொடுத்தாரு?" என்று மூத்தவள் மடக்குவாள். "ரெண்டு தெனாரியம்!" வாசித்ததைச் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்வது சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் வற்புறுத்திய முறை. மொழிப்பாடம், நினைவாற்றல், வேதம் மூன்றும் இருபது நிமிடத்தில் நடந்துவிடுகின்றன.

இந்த வழியின் பலவீனம் தெளிவானது. யாரும் நம்மைக் கண்காணிப்பதில்லை. பிடித்த பாடம் கூடும், பிடிக்காதது தள்ளிப்போகும்; பின்னம் வராமலே பிள்ளைக்குப் பத்து வயதாகிவிடும். கணக்கிலும் ஆங்கில இலக்கணத்திலும் சொந்தமாக எதையும் கோக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சிங்கப்பூர்க் கணக்குப் புத்தகங்கள் இங்கே கடைகளிலேயே கிடைக்கின்றன. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகச் செய்யுங்கள். பெட்டிக்காரர்கள் புத்தகத்தைத் தனித்தனியாகவும் விற்பதுண்டு. ஞானோபதேச நூலை மட்டும் வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

பங்கின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை மட்டும் எந்த வழியிலும் விடக்கூடாது. பிள்ளைகளின் கல்வியில் முதல் பொறுப்பு பெற்றோருடையது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2223ஆம் எண்ணில் சொல்கிறது. முதல் பொறுப்பு என்பதால் அது முழுப் பொறுப்பும் ஆகிவிடாது. புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் தன் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து தயாராவது ஒரு வரம். வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்கு அது இன்னும் அதிகமாகத் தேவை. பல பங்குகளில் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். அங்கே ஆங்கிலத்தில் படித்ததை வீட்டில் தமிழில் செபமாக்குவது நம் வேலை.

செப நேரத்தில் வீட்டுக்கல்விக்கு ஒரு பெரிய பலன் உண்டு. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு இரவுச் செபமாலைதான் சாத்தியம். வீட்டில் படிக்கும்போது மத்தியானம் பன்னிரண்டுக்கும் எல்லாரும் ஒன்றாக நிற்கலாம். திரிகால செபம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். பென்சிலை வைத்துவிட்டு எழுந்து நிற்பதே பிள்ளைக்குப் பாடம். இன்னொன்று பெரிய வெள்ளி. சபா, சரவாக்கில் அன்று பொது விடுமுறை, தீபகற்பத்தில் இல்லை. நம் வீட்டில் அன்று புத்தகம் மூடியிருக்கும். சிலுவைப்பாதை, உபவாசம், மூன்று மணி வழிபாடு என்று அந்த நாளை யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்காமல் முழுசாகக் கொடுக்கமுடிகிறது.

இப்போது தமிழ்ப்பள்ளி. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, சட்டச் சிக்கல் இல்லை. தமிழும் மலாயும் அங்கே வருவதுபோல வீட்டில் வரவைப்பது கடினம், அதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். கூட்டாளிகளும் தமிழ்ப் பேச்சும் தமிழ் விளையாட்டும் எந்தப் பெட்டியிலும் வராது. முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கு அங்கே நன்னெறிக்கல்வி உண்டு, ஞானோபதேசம் கிடையாது. அதை வீடு ஏற்றுக்கொண்டால் குறை பெரிதில்லை. அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், இரவு அரை மணி நேரம் செபமாலையும் சனிக்கிழமை நற்செய்தியும் தவறாமல் நடந்தால், அது அரைகுறையாக நடக்கும் வீட்டுக்கல்வியைவிட நிச்சயமாக மேல்.

பெரிய பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம்.மா, கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வா? சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டையும் தனியார் தேர்வராக எழுதலாம். ஐ.ஜி.சி.எஸ்.இ. ஆண்டில் இரண்டு பருவத்தில் நடக்கும், பாடங்களைப் பிரித்து எழுதலாம், ஆனால் தாளுக்குத் தாள் பணம். எஸ்.பி.எம்.மில் மலாயும் வரலாறும் தேறாமல் சான்றிதழ் இல்லை. அறிவியல் செய்முறைக்கு ஆய்வுக்கூடம் தேடவேண்டும். ஆனாலும் அரசாங்கப் பல்கலைக்கழக வழி திறந்திருக்கும். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம், லூக்கா நற்செய்தியும் திருத்தூதர் பணிகளும் அடங்கிய பைபிள் அறிவு ஆகிய மூன்றையும் ஒரே சான்றிதழில் எடுக்கமுடிவது எஸ்.பி.எம்.மில்தான். இது பலருக்குத் தெரிவதே இல்லை. என் மூத்தவளுக்கு அதையே எண்ணியிருக்கிறோம்.

ஆக, அம்மாவுக்கு உடம்பு முடியாத ஆண்டிலோ கைக்குழந்தை உள்ள ஆண்டிலோ பெட்டியைத் தயங்காமல் வாங்குங்கள், ஆனால் பாதி பக்கங்களை விட்டுவிடும் துணிவோடு. விலக்கு கிடைக்காத தொடக்கப்பள்ளி வயதுக்குத் தமிழ்ப்பள்ளி. மற்றபடி, ஒரு பெற்றோர் பகலில் வீட்டில் இருக்கமுடிகிற குடும்பத்துக்கு நாமே கோப்பதைத்தான் சொல்வேன். எதற்கும் பணம் கட்டுமுன் இரண்டு வேலை செய்யுங்கள். அந்தந்த நிறுவனத்தின் மாதிரிப் பக்கங்களை வாங்கிப் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் பிள்ளையோடு முழுசாகச் செய்துபாருங்கள். அந்த வாரத்தில் தமிழ் வாசிப்பும் செபமாலையும் எத்தனை நாள் நடந்தன என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதைப் பார்த்தபிறகு முடிவு எடுங்கள்.