எஞ்சினைத் திறக்குமுன்: ரீகால், வாரண்டி, இன்சூரன்ஸ், லேத் – எது யாருக்கு?

எஸ்யூவி எஞ்சின் தட்ட ஆரம்பித்தால் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் முதலில் நடப்பது ஒன்றுதான். தெரிந்த மெக்கானிக் வருவார், ஆயிலை இறக்குவார், சம்ப்பை (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டியை) கழற்றிப் பார்ப்பார். அவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் சம்ப் போல்ட்டுகளோடு சேர்ந்து, கைக்காசு இல்லாமல் முடிந்திருக்கக்கூடிய வழிகளும் கழன்று விழுகின்றன. சர்வீஸ் சென்டரில் "வெளியில் திறந்த வண்டி" என்று எழுதிவிடுவார்கள். இன்சூரன்ஸ் சர்வேயருக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ளும் முதல் நூலும் அதுதான். எனவே எது மலிவு என்று கேட்பதற்கு முன், எந்த வழியில் போனால் எந்த வழி அடைபடும் என்று பார்க்க வேண்டும்.

ரீகாலும் வாரண்டியும் ஒன்றல்ல

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவு வந்தது. குறையுள்ள வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கும்படி (ரீகால்) கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கு அதில் இருக்கிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. வண்டி 7 வயதுக்குள் இருக்க வேண்டும். அபராதம் 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி வரை போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சட்டம் சொல்லும் 'குறை' என்பது சாலைப் பாதுகாப்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தாக இருக்க வேண்டும். ஆயில் குடிக்கிற எஞ்சின் உங்கள் பர்ஸுக்கு ஆபத்து. அது அந்தக் கணக்கில் சுலபமாகச் சேராது. அதே எஞ்சின் நான்கு வழிச்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் பவர் இழந்து நின்றால் கதை வேறு. அரசின் 'வாகன்' இணையதளத்தில் ரீகால் புகார் பதியும்போது "எஞ்சின் வேலை வந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். "ஓடும்போது நின்றது, பிரேக் பூஸ்டரும் ஸ்டீயரிங்கும் கனமானது" என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

ரீகாலின் இன்னொரு எல்லை தயாரிப்புத் தேதி. 2021 பிப்ரவரியில் மஹிந்திரா 1,577 டீசல் தார் வண்டிகளைக் கேம்ஷாஃப்டுக்காக அழைத்தது. 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை தயாரானவை மட்டும். இப்படி ஒரு தேதிக் கோடு போட்டுவிட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் வண்டியில் அதே சத்தம் வந்தாலும் அது ரீகால் இல்லை, வாரண்டி. ஆர்.சி.யில் உள்ள 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே நிச்சயமான வழி. டீலரிடம் வாய்மொழியாகக் கேட்பது வேலைக்காகாது. 'சர்வீஸ் கேம்பெயின்' என்ற பெயரில் சத்தமில்லாமல் செய்யும் மாற்றங்களும் உண்டு. அதையும் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தனியாகக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் ரீகால் பெரிதாக நடக்கிறதே என்று பெருமூச்சு விடுபவர்கள் அங்குள்ள எரிச்சலையும் தெரிந்துகொள்ளலாம். 2025 ஏப்ரலில் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) தன் 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்காக யூகான், டாஹோ, சபர்பன், எஸ்கலேட் உட்பட அந்த நாட்டில் மட்டும் சுமார் 5.97 லட்சம் வண்டிகளை அழைத்தது. கனெக்டிங் ராட், கிராங்க் ஷாஃப்டில் குறை. சோதனையில் தவறிய வண்டிக்குப் பழுது பார்த்துத் தருகிறார்கள் அல்லது புது எஞ்சின் தருகிறார்கள். தேறிய வண்டிக்கு 0டபிள்யூ-40 என்ற கெட்டியான ஆயில், புது ஃபில்டர், புது ஆயில் மூடி. அதோடு 10 ஆண்டு அல்லது 1.5 லட்சம் மைல் சிறப்புக் காப்பு. "கெட்டி ஆயில் ஊற்றினால் கிராங்க் சரியாகிவிடுமா?" என்று உரிமையாளர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

ஹூண்டாய், கியாவின் தீட்டா-2 எஞ்சின் விவகாரம் இதைவிட நீளம். கிராங்க் ஷாஃப்டைக் கடையும்போது தங்கிய உலோகச் சீவல் ஆயில் வழியை அடைத்து, ராட் பேரிங்கை (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடத்து மென்தகடு) தின்றது. 2015-ல் தொடங்கிய ரீகால், சத்தத்தை முன்கூட்டியே பிடிக்கும் மென்பொருள், ஷார்ட் பிளாக்குக்கு (பிளாக், கிராங்க், பிஸ்டன் சேர்ந்த எஞ்சின் அடிப்பகுதி) ஆயுள் வாரண்டி என்று வளர்ந்தது. 2020 நவம்பரில் ரீகாலைத் தாமதித்ததற்காக ஹூண்டாய்க்கு 14 கோடி டாலர், கியாவுக்கு 7 கோடி டாலர் என்று தண்டத்தொகை முடிவானது. ஆனால் அந்த ஆயுள் வாரண்டிக்கும் அந்த மென்பொருளை ஏற்றியிருக்க வேண்டும், பராமரிப்பில் பெரிய அலட்சியம் இருக்கக் கூடாது. இங்கே ஓடும் கிரெட்டா, செல்டாஸ் எஞ்சின்கள் வேறு குடும்பம். அந்தச் செய்தியை அச்சடித்துக்கொண்டு இங்குள்ள ஷோரூமுக்குப் போவதில் பயனில்லை.

வாரண்டி எங்கே வழுக்குகிறது

நம்மூர் எஞ்சின்களுக்கு நடைமுறையில் கைகொடுப்பது வாரண்டிதான், ரீகால் அல்ல. நிராகரிக்க அவர்கள் சொல்லும் காரணங்களும் இந்த மண்ணுக்கேற்றவை.

முதலாவது ஆயில். லாரி வைத்திருக்கும் வீடுகளில் பேரலில் 15டபிள்யூ-40 கிடக்கும்; அதையே காருக்கும் ஊற்றுவார்கள். பி.எஸ்.6 டீசல் காரில் டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவான சி3 போன்ற தர ஆயில் வேண்டும். லாரி ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கும், அடைக்கும், அதனால் கார் வடிகட்டியில் சேரும் கரியை அடிக்கடி எரித்துச் சுத்தம் செய்யப் பார்க்கும். பள்ளிக்கூடம், கடை, கோவில் என்று நாலு கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் ஓடும் காரில் அந்த எரிப்பு பாதியில் நிற்கிறது. எரிப்புக்காகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால், மகிழ வேண்டாம்: ஆயில் நீர்த்துவிட்டது, அடுத்தது பேரிங். அதிகபட்சக் கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை காவேரிப்பட்டணம் – கிருஷ்ணகிரி சாலையிலோ எங்கோ அரைமணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இரண்டாவது தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இங்குள்ள நிலத்தடி நீரின் ஃப்ளோரைடுக்காக வந்தது. போர் தண்ணீரின் கடினத்தன்மையைப் பாத்திரத்தின் அடியில் படியும் உப்பே சொல்லும். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் அதே உப்பு குழாய்களில் படியும். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது, ஏழு பேரும் ஏ.சி.யும் சேர, முள் சிவப்புக்குப் போகிறது. சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினிய ஹெட் வளைகிறது, அதன் அடியில் உள்ள அடைப்புத் தகடான கேஸ்கெட் போகிறது. வழியில் அவசரத்துக்கு ஊற்றியது என்றாலும் சொல்லிவைத்து, கூலண்டை முழுவதுமாக மாற்றி ரசீது வாங்குங்கள். அடர் கூலண்ட் என்றால் அதுவும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. சூடேறிய வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் அது கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகும். வாரண்டி பேச்சு அங்கேயே முடிந்தது.

எக்ஸ்டென்டட் வாரண்டி வாங்கியவர்கள் அட்டையைப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே: அதைத் தருவது கார் கம்பெனியா, வேறு நிறுவனமா? வேறு நிறுவனம் என்றால் டர்போ, இன்ஜெக்டர், கேஸ்கெட் எல்லாம் பட்டியலில் இருக்கிறதா, ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். பெயரை நம்பி வாங்குவதில் அர்த்தமில்லை.

வாரண்டி சில மாதம் முன் முடிந்திருந்தால் 'குட்வில்' என்று ஒரு வழி இருக்கிறது. உரிமை அல்ல, கேட்டால் கிடைக்கலாம். டீலர் மேனேஜரிடம் பேசி நிற்காமல், கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜருக்கு மின்னஞ்சல் போகவேண்டும். எல்லா சர்வீஸும் உள்ளேயே செய்த வண்டி என்றால் உதிரிபாகச் செலவில் ஒரு பங்கை ஏற்பதுண்டு. கூலியைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

இன்சூரன்ஸ்: தேய்மானத்துக்கு அல்ல

சாதாரண முழு இன்சூரன்ஸில் இயந்திரக் கோளாறு சேராது. 'எஞ்சின் புரொடெக்ட்' சேர்த்திருந்தால் தண்ணீர் புகுந்தது, அடியில் கல் அடித்து ஆயில் ஒழுகியது போன்றவற்றுக்குக் கிடைக்கும், தேய்மானத்துக்குக் கிடைக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் மழையில் ஊத்தங்கரையில் வண்டிகளே அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் துணைப் பாலிசி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

இதில் செய்யக்கூடாதது சாவியைத் திருப்புவது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும். அது உங்கள் கவனக்குறைவு என்று சர்வேயர் எழுத இடமாகும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, நீர்மட்டம் தெரியப் படமெடுத்து, இழுவை வண்டியில் ஏற்றுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றிக் கையால் கிராங்கைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவது சர்வேயர் பார்த்த பிறகு.

திறக்காமலே கிடைக்கும் ஆதாரம்

பேரிங் போனதா, வேறா என்று தெரிய சம்ப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆயில் ஃபில்டர் போதும். ஆயில் சூடாக இருக்கும்போது ஃபில்டரை எடுத்து, சுத்தமான கத்தியால் வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெள்ளைத் துணியில் பரப்புங்கள். வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கருமசி மட்டும் என்றால் சாதாரணம். ஜரிகைத் துகள் போல மின்னினால் ஒரு காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள்: ஒட்டுவது இரும்பு, அது ரிங், சிலிண்டர் சுவர், செயின் பக்கம் கை காட்டும். ஒட்டாமல் மஞ்சளாகவோ வெள்ளியாகவோ கிடப்பது பெரும்பாலும் பேரிங். படமெடுங்கள், துணியோடு ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதுங்கள். பழைய ஆயிலில் ஒரு 200 மில்லியைச் சுத்தமான பாட்டிலில் மூடி வையுங்கள். ஃபில்டர் எடுப்பது வழக்கமான சர்வீஸ்தான். வாரண்டிக்குள் இருந்தால் அதையும் சர்வீஸ் சென்டரிலேயே, உங்கள் கண் முன் எடுக்கச் சொல்லுங்கள்.

ஜாப் கார்டில் (என்ன வேலை செய்ய வேண்டும் என்று சர்வீஸ் சென்டர் எழுதும் சீட்டில்) அவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "கஸ்டமர் ரிக்வெஸ்ட்: எஞ்சின் ஓவர்ஹால்" என்று இருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பிரித்துப் பார்க்கும் கூலி யாருடையது என்பதும் அதிலேயே வர வேண்டும்.

லேத், ஷார்ட் பிளாக், பழைய எஞ்சின்

கைக்காசு போட்டே ஆகவேண்டும் என்றானபின் மூன்று வழிகள். நம்மூரில் ஆழமான லேத் (கடைசல்) வேலைக்குச் சேலத்துக்கோ ஓசூர்–பெங்களூரு பக்கமோ வண்டி ஏறும்.

பழைய வார்ப்பிரும்பு பிளாக் டீசல் என்றால் லேத் நல்ல வழி. கிராங்கை 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்துக் கடைந்து அதற்கேற்ற பேரிங் போடலாம். சிலிண்டரைப் போரிங் செய்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஒரே நிபந்தனை: பிஸ்டனும் பேரிங்கும் கையில் வந்த பிறகே லேத்தில் வைக்க வேண்டும். புதிய எஞ்சின்கள் பலவற்றுக்குக் கம்பெனி ஓவர்சைஸே தருவதில்லை. சிலிண்டர் சுவரில் மெல்லிய பூச்சு மட்டும் உள்ள அலுமினிய பிளாக்கைப் போரிங் போட்டால் பிளாக்கே குப்பை. தயாரிக்கும்போதே உடைத்துப் பிரித்து, அந்த முறிவிலேயே பொருத்திய கனெக்டிங் ராட்களையும் பழையபடி கடைந்து சரிசெய்ய முடியாது. இந்த வகைக்கு ஷார்ட் பிளாக்தான்; விலை அதிகம், ஆனால் அளவுப் பிழை இருக்காது.

ஹெட்டை ஃபேசிங் செய்ய (அடித்தளத்தைச் சீவிச் சமமாக்க) கொடுத்தால் முதலில் பிரஷர் டெஸ்ட், பிறகுதான் ஃபேசிங். டீசலில் பிஸ்டன் பிளாக்கின் மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்தே கேஸ்கெட் கனத்தைத் தேர்வார்கள். "பழையதைப் போலவே ஒன்று" என்று வாங்கினால் தவறும். ஹெட் போல்ட் இழுத்து இறுக்கும் வகை என்றால் புதியதே போட வேண்டும்.

லேத்தோ ஷார்ட் பிளாக்கோ, இரண்டிலும் எஞ்சின் மறுபடி போவதற்கு ஒரு முக்கியக் காரணம் ஆயில் கூலர். முதல் பேரிங் உதிர்த்த துகள் அதன் மெல்லிய பாதைகளில் தங்கிவிடும், எத்தனை டீசல் ஊற்றிக் கழுவினாலும் வராது. புது எஞ்சினில் சில நூறு கிலோமீட்டரில் அது புதுப் பேரிங்குக்கு வந்து சேரும். கூலர் புதிது, டர்போவின் ஆயில் குழாய் புதிது, ஸ்ட்ரெய்னர் (ஆயில் உறிஞ்சும் இடத்து வலை) சுத்தம் என்று மதிப்பீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எரிபொருளைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடித்த பிறகே முதல் ஸ்டார்ட். 500 முதல் 1,000 கி.மீ.க்குள் முதல் ஆயில் மாற்றம், ஃபில்டரும் சேர்த்து.

சென்னை புதுப்பேட்டையிலோ பெங்களூருவிலோ கிடைக்கும் பழைய எஞ்சின் மூன்றிலும் வேகமானது, நம்பிக்கை குறைந்தது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அளக்காமல் காசு கொடுக்க வேண்டாம். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். எஞ்சின் எண் மாறுவதால் ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வாங்கி, ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். வந்த எஞ்சின் எந்த வண்டியுடையது என்ற காகிதம் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

ஆணையம்

எதுவும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இங்கேயே வழக்குப் போடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே முடியும். 10 முதல் 20 லட்சம் விலை வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய், 20 முதல் 50 லட்சத்துக்கு 1,000. கெடு இரண்டு ஆண்டு. வாடகைக்கு ஓடும் வண்டியென்றால், பிழைப்புக்காக நீங்களே ஓட்டினால் ஒழிய, 'நுகர்வோர்' என்ற தகுதியிலேயே தகராறு வரும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் முதலில் புகார் பதிந்தால் கம்பெனி பதில் எழுத்தில் வரும். அது வழக்கில் உதவும். வாரண்டியில் மாற்றிய பழைய பேரிங், பிஸ்டன் எல்லாம் கம்பெனிக்கே திரும்பிப் போய்விடும், கேட்டாலும் கையில் தர மாட்டார்கள். அதனால் அவற்றை எடுத்து மேசையில் வைக்கும் நாளில் அங்கே இருந்து, பாக எண்ணும் பேரிங்கின் உட்பக்கமும் தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.