64 பிட் கணக்கில் யார் கெட்டி?

கிராஃபிக்ஸ் சிப் என்றாலே இப்போது ஏஐ பேச்சுதான். ஆனால் வானிலைக்கும் திரவ ஓட்டத்துக்கும் கணக்குப் போடுகிறவர்கள் முதலில் கேட்பது 64 பிட் துல்லியத்தில் (எண்கள் ஏறக்குறைய 16 இலக்கம் வரை சரியாக இருக்கும்) வேகம் எவ்வளவு என்றுதான். அதில் என்விடியாவின் எச்100 சுமார் 34 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்கு), ஏஎம்டியின் எம்ஐ300எக்ஸ் சுமார் 81. எச்100 ஓராண்டு மூத்தது என்று தள்ளுபடி கொடுத்தாலும் இடைவெளி பெரிதுதான்.

பெரிய இயந்திரங்களிலும் ஏஎம்டியின் கை ஓங்கியிருக்கிறது. 2022-இல் உலகின் வேகமான சூப்பர்கம்ப்யூட்டர்களின் டாப்500 பட்டியலில் முதன்முதலாக ஒரு எக்ஸாஃப்ளாப்பை (பத்து லட்சம் டெராஃப்ளாப்) தாண்டிய ஃபிரான்டியரில் 37,888 எம்ஐ250எக்ஸ் சிப்கள். 2024 நவம்பரில் அதை இறக்கிவிட்டு மேலே ஏறிய எல் கேப்பிடனில் இருப்பது எம்ஐ300ஏ. எனக்கு இதன் மேல் தனிப் பிரியம். 24 சிபியூ கோர்களும் ஜிபியூவும் (கிராஃபிக்ஸ் சிப்) ஒரே கூட்டுக்குள். 128 ஜிபி மெமரி இரண்டுக்கும் பொது. டேட்டாவை இங்கிருந்து அங்கே காப்பி பண்ணும் தொல்லையே இல்லை. ஜெர்மனியின் ஜூபிட்டர் சூப்பர்கம்ப்யூட்டரில் உள்ள என்விடியா ஜிஎச்200-இல் இணைப்பு வேகமானது, ஆனால் மெமரி தனித்தனி.

சரி, அப்புறம் ஏன் பலர் என்விடியாவை விட்டு நகரவில்லை? என்விடியா சிப்களுக்கு நிரல் எழுதும் தளமான கூடாவைக் கூடாது என்று ஒதுக்க முடியவில்லை, அதுதான் காரணம். 2007 முதல் அதில் எழுதிக் குவித்த கோடு (நிரல்) அப்படி. கூடா கோடை ஏஎம்டிக்கு ஏற்றபடி மாற்றும் ஏஎம்டியின் ஹிப்பிஃபை கருவி, கூடாமெம்காப்பி என்ற கட்டளையை ஹிப்மெம்காப்பி என்று நொடியில் மாற்றிக் கொடுத்துவிடும். வம்பு அதற்கு அப்புறம்தான். என்விடியாவில் 32 த்ரெட் (இணையாக ஓடும் வேலை இழை) சேர்ந்தால் ஒரு வார்ப் எனும் குழு. ஏஎம்டியின் இந்தச் சிப்களில் அதுவே 64. குழுவின் ஒவ்வொரு த்ரெட்டிடமும் ஆம், இல்லை கேட்டு ஆளுக்கு ஒரு பிட்டாகத் தொகுப்பது பேலட். அது தரும் விடையைப் பழைய பழக்கத்தில் 32 பிட் இன்ட்டில் (முழு எண்) வாங்கினால், மேல்பாதி த்ரெட்களின் பதில் காணாமல் போய்விடும். கம்பைல் ஆகும், ஓடும், விடை மட்டும் தப்பாக வரும்.

இன்டெல்லா? அதன் 63,744 சிப்களோடு அரோரா என்ற சூப்பர்கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஆனால் அடுத்து வரவேண்டிய ரியால்டோ பிரிட்ஜ் சிப்பை 2023-லேயே கைவிட்டார்கள். இன்டெல்லை நம்பிப் புதிதாகக் கோடு எழுதச் சொல்ல எனக்கு மனம் வராது.

புதுசாகத் தொடங்குகிறவர் என்றால் நான் ஏஎம்டி பக்கம்தான் கை காட்டுவேன். என்விடியாவே பி300 சிப்பில் 64 பிட் வேகத்தை 1.3 டெராஃப்ளாப் அளவுக்கு வெட்டிவிட்டது. ஏஎம்டியும் வெட்டாமல் இல்லை: எம்ஐ355எக்ஸில் 64 பிட் மேட்ரிக்ஸ் (அணிக் கணக்கு) வேகத்தைப் பாதியாக்கிவிட்டது. ஆனால் வெட்டு அவ்வளவு ஆழமில்லை.