பரம்பிக்குளம் 'தனி ஜீப் சஃபாரி': பொள்ளாச்சியில் முன்பணம் கட்டாதீர்கள்

லீவுக்குப் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்குப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். பொள்ளாச்சியில் ஒரு டிராவல்ஸ்காரர் எங்கள் குடும்பத்திடம் 9,000 ரூபாய் வாங்கினார். காட்டுக்குள் தனி ஜீப், கன்னிமரா என்கிற பிரமாண்டமான தேக்கு மரம், அணை, யானை, எல்லாம் கேரண்டியாம். காட்டு யானைக்கு இவர் கேரண்டி!

பரம்பிக்குளம் இருப்பது கேரளத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போயாக வேண்டும். இரண்டு மாநிலம், இரண்டு வனத்துறை, இரண்டு இடத்தில் கட்டணம். வெளியூர்க்காரர்களுக்கு இது குழப்பும். அந்தக் குழப்பத்தில்தான் இவர்கள் காசு பார்க்கிறார்கள். சேத்துமடையில் நுழைவுச்சீட்டு வாங்கியதும் "பர்மிட் முடிஞ்சுதுங்க சார்" என்றார் டிரைவர். முடிந்தது தமிழ்நாட்டுப் பக்கம் மட்டும்தான்.

ஆனப்பாடி சோதனைச்சாவடியில் கேரள வனத்துறை ஊழியர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சஃபாரிக்குத் தனியார் ஜீப் போகாது. அவர்கள் வேனில்தான் வழிகாட்டியோடு கூட்டிப் போவார்கள், அன்றைக்கு அதில் இடம் இல்லை. எங்கள் பெயரில் முன்பதிவும் இல்லை. டிரைவர் ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டியைத் திருப்பினார்.

டாப்சிலிப் தாண்டி வரும்போது சாலையோரம் ஒரு தேக்கின் பக்கத்தில் நிறுத்தி, "இதாங்க சார் கன்னிமரா, போட்டோ எடுத்துக்குங்க" என்றார். என் பையனும் அவன் அத்தை மகளும் கைகோர்த்ததுமே மரத்தைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். உண்மையான கன்னிமராவைக் கட்டிப்பிடிக்க ஐந்து பெரியவர்களாவது வேண்டும். சுற்றளவே ஆறரை மீட்டருக்கு மேல், உயரம் 40 மீட்டரை ஒட்டி. மத்திய அரசின் மகாவிருட்ச விருது வாங்கிய மரம். அது தூணக்கடவுப் பக்கம், பரம்பிக்குளம் காட்டுக்குள் இருக்கிறது. ஆனப்பாடியைத் தாண்டாமல் யாரும் அதைப் பார்க்க முடியாது. இதை மாமா சொன்னதும் டிரைவர், "அது பெரிய கன்னிமராங்க, இது சின்னதுங்க" என்றாரே பார்க்கலாம்! கோபத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போகிறவர்கள் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் காலையிலேயே ஆனப்பாடிக்குப் போய்க் கவுன்ட்டரில் கேளுங்கள். ஆனப்பாடி வரைக்கும் கார் போகும், பைக்குக்கு அனுமதி இல்லை. பொள்ளாச்சியிலிருந்து பரம்பிக்குளத்துக்கு அரசுப் பேருந்தும் உண்டு. யாராவது "நானே புக் பண்ணித் தர்றேன்" என்றால், கேரள வனத்துறை ரசீதில் உங்கள் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சேத்துமடைச் சீட்டைக் காட்டி ஏமாற்றுவார்கள், அது தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு மட்டும்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "டீசல் செலவு, டிரைவர் பேட்டா" என்று கணக்குச் சொல்லி 1,500 ரூபாய் மட்டும் அனுப்பினார், அப்புறம் போனை எடுக்கவே இல்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய பேக்கேஜ் விவரமும் இருக்கின்றன. இரண்டையும் வைத்துப் போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் உங்கள் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருங்கள், சேர்ந்து கொடுத்தால் புகாருக்குப் பலம் கூடும்.