ஆறு குளிர்காலம், ஒரு ஏ.டி.வி.: ஸ்டார்ட் ஆகாத காலைகளின் கணக்கு

நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சட்பரி நகரத்துக்குச் சற்று வெளியே. வீட்டு வாசலிலிருந்து சாலை வரை பாதை நீளம். விழுந்த பனியை மண்வாரியால் தள்ளினால் இடுப்பு இரண்டு நாள் பேசும். அதற்காகவே 2019-இல் ஒரு பழைய ஏ.டி.வி. (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வாங்கினேன். 2007 மாடல், 400 சிசி, ஒற்றை சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். முன்னால் பனி தள்ளும் தகடு, அதைத் தூக்கி இறக்க ஒரு வின்ச், அதாவது மின்மோட்டாரில் கயிறு சுற்றும் கருவி. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. இந்தத் தொல்லைகள் கார்புரேட்டர் வைத்த எந்த வண்டிக்கும் வரக்கூடியவை.

கோடையில் வண்டி தங்கம். மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரைகூட முனகிக்கொண்டே கிளம்பிவிடும். மைனஸ் 20 தாண்டினால்தான் அதன் சுயரூபம் தெரியும்.

முதல் குளிர்காலத்தில் எல்லோரும் செய்வதையே செய்தேன்: புது பேட்டரி வாங்கினேன். பழையதைக் கடையில் திருப்பிக் கொடுத்து, அதற்காகப் பிடித்து வைத்திருந்த வைப்புத்தொகையையும் வாங்கிக்கொண்டேன். மூன்றே வாரத்தில் புதியதும் படுத்துவிட்டது. அதன் பிறகுதான் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். முழு சார்ஜில் 12.7 வோல்ட் காட்டவேண்டிய பேட்டரி 12.1 காட்டியது. காரணம் நான் ஓட்டும் விதம். பனி தள்ளும் வேலை பதினைந்து நிமிடம். அதில் பாதி நேரம் என்ஜின் மெதுவாக ஓடுகிறது, வின்ச்சோ நிமிடத்துக்கு இரண்டு முறை மின்சாரத்தை இழுக்கிறது. போட்டதைவிட எடுத்தது அதிகம். மைனஸ் 18-இல் நல்ல பேட்டரிக்கே ஏறத்தாழ பாதி பலம்தான் மிச்சம் என்னும்போது, அரைவயிற்று பேட்டரி என்ன செய்யும்? இப்போது இறங்கியதும் சிறிய சார்ஜரை மாட்டிவிடுகிறேன். கொடுத்துவிட்டு வந்த அந்தப் பழைய பேட்டரி நன்றாகத்தான் இருந்திருக்கும் என்ற சந்தேகம் இன்னும் உறுத்துகிறது.

கூடவே வண்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருக்கும் நெகட்டிவ் வயரின் முனையைக் கழற்றித் துரு தேய்த்தேன். ஆயிலையும் 10W-40-இலிருந்து, குளிரிலும் இளகி ஓடும் 0W-40-க்கு மாற்றினேன். கையேடு அதை அனுமதிக்கிறது. கடுங்குளிரில் பழைய ஆயில் பாகு போல இறுகி, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யக்கூட முடியாது. இழுத்தால் கயிறு நம்மை இழுக்கும். ஆயில் மாற்றிய மறுநாளே ஸ்டார்ட்டர் மோட்டாரின் குரல் மாறியது.

இத்தனைக்குப் பிறகு என்ஜின் நன்றாகச் சுற்றியது. ஆனால் பற்றிக்கொள்ளவில்லை.

இரண்டாம் குளிர்காலத்தில், மைனஸ் 28 இருந்த ஒரு காலை, பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேராக வந்து என் வலது கட்டைவிரலைப் பிடித்து த்ராட்டிலிலிருந்து (கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டர்) எடுத்துவிட்டார். "இப்போது ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள்" என்றார். நான்காவது சுற்றில் வண்டி உறுமியது.

மதுரையில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கை இது. ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரை முறுக்காமல் இருக்கத் தெரியாது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப இழுக்கும் சோக் என்று நாம் சொல்வது இந்த கார்புரேட்டரில் காற்றை மறிக்கும் தகடு அல்ல. கூடுதல் பெட்ரோல் வருவதற்கான தனிப் பாதை அது. சோக்கை இழுத்தால் ஒரு சின்ன ஊசிக்கட்டை மேலே எழுந்து அதைத் திறக்கும். என்ஜின் பலமாக உறிஞ்சினால்தான் அதன் வழியே பெட்ரோல் ஏறும். த்ராட்டிலைத் திறந்தால் உறிஞ்சும் பலம் போய்விடுகிறது. ஓட்டை விழுந்த குழலால் இளநீர் குடிப்பது போலத்தான். சோக்கை முழுதாக இழு, கட்டைவிரலைக் கோட் பைக்குள் வை. இதுதான் மொத்த வித்தை. அதற்கு நான் ஒன்றரைக் குளிர்காலம் செலவழித்திருந்தேன்.

மூன்றாம் வருடம் மறுபடியும் தகராறு. ஸ்பார்க் பிளக் மாற்றினேன், கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பயன் இல்லை. சூடான பிறகு எத்தனை முறை அணைத்தாலும் உடனே கிளம்பியது. குளிர்ந்து கிடந்தால் மட்டும் அடம். கடைசியாகத்தான் வால்வு மூடியைத் திறந்தேன். இதை ஆறிய என்ஜினில்தான் பார்க்கவேண்டும், பிஸ்டன் அமுக்கவீச்சின் (காற்றை அமுக்கி மேலேறும் ஓட்டத்தின்) உச்சியில் நிற்கவேண்டும். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே கையேடு சொன்ன இடைவெளி 0.15 மில்லிமீட்டர். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளில் அந்த அளவுத் தகடு நுழையவில்லை. 0.10-ஐ வைத்தேன், அதுவும் இல்லை. 0.05 முனையில் கவ்விக்கொண்டு நின்றது. வால்வு முழுதாக மூடாமல், அமுக்கம் வேண்டிய நேரத்தில் கசிந்துகொண்டிருந்தது. இடைவெளி கூடினால் டக்டக்கென்று சத்தம் கேட்கும், நாமும் கவனிப்போம். குறைந்தால் ஒரு சத்தமும் வராது. பூட்டு நட்டைத் தளர்த்தி, இடைவெளியைக் கூட்டத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். செலவு, மூடிக்கான ஒரு கேஸ்கெட்.

எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரேயை என்ஜினுக்குள் அடித்துக் கிளப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு முறை அடித்தேன். என்ஜினுக்குள் எழுந்த இடிச்சத்தத்தைக் கேட்டதும் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். சின்ன என்ஜினுக்கு அது வைத்தியம் அல்ல.

இன்னொன்று, கோடையில் நிரப்பிய பெட்ரோலை ஜனவரி வரை வைத்திருக்காதீர்கள். இங்கே குளிர்காலத்துக்கு எளிதில் ஆவியாகும் பெட்ரோலைத் தனியாகத் தருகிறார்கள். கோடைப் பெட்ரோலுக்குக் குளிரில் அந்தச் சுறுசுறுப்பு இல்லை.

இன்று வாங்குவதாக இருந்தால், கார்புரேட்டருக்குப் பதிலாக மின்பம்பு மூலம் பெட்ரோலைப் பீச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ளதையே வாங்குவேன். ஆனால் பேட்டரி முழுதாகச் செத்தால் அதன் பெட்ரோல் பம்பும் சேர்ந்து சாகும், சார்ஜர் அதற்கும் வேண்டும். என்னுடையதை விற்கும் எண்ணம் இல்லை. போன வாரம் மைனஸ் 24. மூன்றாவது முயற்சியில் கிளம்பியது. அதுவரை கட்டைவிரல் பைக்குள்தான் இருந்தது.