சொந்த வழக்கறிஞரா, சட்ட உதவி வழக்கறிஞரா?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் கைதாகிப் பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் இருப்பவர் சொந்தச் செலவில் வழக்கறிஞரை அமர்த்தலாம். அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுத்துக் கட்டணமின்றி ஒருவரைப் பெறலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே இல்லை என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு. வயலை அடகு வைக்கக் கிளம்பும் குடும்பம் முதலில் இதை அறிய வேண்டும். சொந்த வழக்கறிஞர் என்றால் தேர்வு நம் கையில் இருக்கும், உண்மைதான். ஆனால் போக்சோ சட்டத்தின் 29ஆம் பிரிவு, மறுத்து நிரூபிக்கும்வரை பாலியல் தாக்குதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே செய்ததாக அனுமானிக்கிறது. 33ஆம் பிரிவின்படி குழந்தையிடம் கேட்க வேண்டியவற்றை நீதிபதி வழியாகவே கேட்க முடியும் என்பதால், குரலை உயர்த்தும் குறுக்கு விசாரணைக்கு இங்கே வேலையில்லை. குழந்தையின் வயதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழையும் மருத்துவ அறிக்கையையும் வரிவரியாகப் படித்து வருபவரையே, கட்டணம் வாங்காதவரானாலும், நான் தேர்ந்தெடுப்பேன்.