வெள்ளிக் கவசம் போட்ட பேனா: வாட்டர்மேனா, பார்க்கரா, நம்மூர் பத்தர் வேலையா?

கவசம் போட்ட பழைய பேனாவுக்கு வயது இரண்டு. பேனாவுக்கு ஒன்று, மேலே இருக்கும் வெள்ளிக்கு ஒன்று. விலை பேசும்போது பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். என் மேஜையில் இப்போது மூன்று வெள்ளிப் பேனாக்கள் கிடக்கின்றன: வாட்டர்மேன் 452, பார்க்கர் 75, அப்புறம் தண்டையார்பேட்டை பழைய பேப்பர் கடையில் சிக்கிய பார்க்கர் 51. கடைசிப் பேனாவுக்கு மயில் வெட்டிய கவசம் போட்டது யாரோ உள்ளூர் பத்தர்.

வாட்டர்மேனுக்கு அதன் எண்ணே ஜாதகம். 4 என்றால் ஸ்டெர்லிங் வெள்ளி, 5 என்றால் லீவர், அதாவது உடம்பின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிடியை நெம்பி மை ஏற்றும் ரகம், 2 நிப்பின் அளவு. அந்தக் கம்பெனிக்கு லீவரே 1910களின் நடுவில்தான் வந்தது, ஆகவே 452ஐ நீட்டி "1905 சார், தாத்தா வாங்கினது" என்று யாராவது சொன்னால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வெள்ளிக் கொடிகளுக்கு இடையே தெரியும் எபனைட், அதாவது பேனாவின் கெட்டி ரப்பர் உடம்பு, கறுப்பாக இருக்க வேண்டும். காபித்தூள் நிறத்துக்குப் போயிருந்தால் வெயிலோ தண்ணீரோ பட்டிருக்கிறது, விலையில் அடி விழும்.

பார்க்கர் 75, 1960களின் சரக்கு. 1888இல் தொடங்கிய கம்பெனியின் 75ஆம் ஆண்டை ஒட்டி வந்த பெயர். இதில் கவசம் கிடையாது, மூடியும் உடம்புமே கட்டம் கட்டமாகக் கீறிய வெள்ளி. இரண்டு நுனியும் தட்டையாக இருந்தால் முற்காலத்தது, குழிந்திருந்தால் பிற்காலத்தது, அவ்வளவுதான். கடலில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களின் வெள்ளியில் 1965இல் 4821 பேனா செய்தார்கள், அது கண்ணில் பட்டால் பேரம் பேசாதீர்கள்.

இப்போது பத்தர் வேலைக்கு வருவோம். உள்ளே இருக்கும் 51, பையை அழுத்தி மை ஏற்றும் ரகம். அந்த ரகம் வந்ததே 1948இல், எனவே கவசம் அதற்கும் பிந்தியதுதான். எவ்வளவு பிந்தியது என்று வெள்ளி சொல்லாது, ஏனென்றால் முத்திரை கிடையாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மயிலின் வாலுக்குக் கீழே பற்றவைத்த கோடு நேராக ஓடுகிறது. பிளாஸ்டிக் உடம்பில் சூடு காட்ட முடியாது என்பதால் குழாயாகத் தனியே செய்து மாட்டியிருக்கிறார். மூடிக்குள் போகும் இடத்துக்குச் சரியாக ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தியிருக்கிறார், கெட்டிக்காரர். ஆனால் உடம்பு தடித்துப்போனதால் எழுதும்போது மூடியைப் பின்னால் செருக முடியாது.

மிண்ட் தெருவில் ஒரு கடையில் காட்டினேன். உரைகல்லில் லேசாக இழுத்துப் பார்த்து 80 டச், அதாவது நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி, தேறும் என்றார்கள், அப்புறம் பேனாவை அப்படியே தராசில் வைத்துவிட்டு "உள்ளே பிளாஸ்டிக்தானே சார்" என்று கழித்துக்கொண்டார்கள். செய்கூலி பேச்சே இல்லை. அதைவிடக் கொடுமை, மெருகு போட்டுத் தருகிறேன் என்ற இன்னொருவர், பெயர் வேண்டாம், பஃப் ஓட்டி மயிலின் கண்ணையே அழித்துவிட்டார்.

என் கணக்கு இது: பத்தர் வேலைக்கு 51இன் விலை, உருக்கினால் வரும் வெள்ளி விலை, மேலே கொஞ்சம். கவசம் போட்ட ரசீதோ பெயர் வெட்டிய புகைப்படமோ இருந்தால் அந்தக் "கொஞ்சம்" நன்றாகவே ஏறும். சேகரிக்க வேண்டுமென்றால் வாட்டர்மேன், தினமும் எழுத 75. மயிலை மட்டும் நான் விற்கப் போவதில்லை. கண் போனாலும் அந்தக் கழுத்தை யார் அப்படி வெட்டுவார்கள் இப்போது?