முகாமா, ஊரா?

தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களிடம் "போர்தான் 2009லேயே முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் போகவில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது சுலபம்.

இங்கேயே இருந்தால்: குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகை (2021இல் 1,500 ரூபாயாக உயர்ந்தது), ரேஷன் அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளி. பெயின்ட் வேலைக்குப் போனால் கூலி. ஆனால் முகாமில் ஆள் இருக்கிறாரா என்று அதிகாரிகள் சரிபார்க்கும் 'செக்கிங்' நாளில் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். பொறியியல் படித்த பையனுக்கும் அரசு வேலை கிடையாது. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கேயே பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை விடுபட்டுவிட்டது.

திரும்பினால்: குடியுரிமை உண்டு, வாக்கு உண்டு. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதற்கான பதிவை முடித்திருக்க வேண்டும். சிக்கல் போய் இறங்கிய பிறகுதான். காணி (நிலம்) பற்றை மண்டிக் கிடக்கும், கிணறு தூர்ந்திருக்கும்; காணி உறுதி (நிலப் பத்திரம்) தொலைந்திருந்தால் அலைச்சல் வேறு. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் ராணுவம் எடுத்த காணிகள் இன்னும் முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை. மலையக (தேயிலைத் தோட்டப் பகுதி) வேர் கொண்ட பலருக்குக் காணியே கிடையாது. 2022 பொருளாதார நெருக்கடியில் அங்கிருந்து தனுஷ்கோடிக்குப் படகில் ஆட்கள் வந்தார்களே, அதைப் பார்த்தவர்கள் தயங்குவது நியாயம்தான்.

காணியும் உறவும் அங்கே இருக்கும் அப்பாவுக்குப் போவது சரி. இங்குள்ள பெண்ணைக் கல்யாணம் செய்த மகனுக்கு, இலங்கைப் பத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு இப்போதைக்கு இருப்பதே தேவலை.